மேலச்சத்திரத்துக் கைதட்டல்

மழை நிற்காத ஊர் உண்டு, காற்று நிற்காத ஊர் உண்டு, கைதட்டல் நிற்காத ஊர் என்று ஒன்று உண்டென்றால் அது மேலச்சத்திரம்தான். அங்கே மங்களவிலாஸ் நாடகக் கொட்டகையில் ஒரு சாயங்காலம் எழுந்த கைதட்டல், தட்டின சனம் வீட்டுக்குப் போன பிறகும், வாட்ச்மேன் கதவைப் பூட்டின பிறகும், தகரக் கூரையில் விழுகிற மழை மாதிரி உள்ளே தட்டிக்கொண்டே இருந்தது, தட்டினவர்களுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்து அந்தப் பிள்ளைகளுக்குத் தலை நரைக்கத் தொடங்குகிற வரைக்கும் தட்டிக்கொண்டே இருந்தது.

முதலில் ஊர் பயந்ததென்னவோ நிசம். பூசாரி வந்து கொட்டகை வாசலில் திருநீறு போட்டார், கைதட்டல் அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தட்டியது. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், அவருக்கும் குறை வைக்காமல் தட்டியது. இரண்டு பேரும் வாசலில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, இவ்வளவு மரியாதை தெரிந்தது கெட்ட ஆவியாக இருக்க முடியாது என்று முடிவு செய்து, ஆளுக்கொரு சோடா குடித்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு ஊர் பழகிவிட்டது. கொட்டகைத் தெருவில் பிறந்த குழந்தைகளுக்குத் தாலாட்டு தேவைப்படவில்லை. அந்தத் தெருவிலிருந்து வெளியூருக்கு வாழ்க்கைப்பட்ட பெண்கள் போன இடத்தில் தூக்கம் வராமல் புருசனைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். மாப்பிள்ளைகளை வீட்டோடு சேர்க்கிற தெரு என்று அதற்கு ஒரு பெயரும் வந்தது.

அப்புறம்தான் கொட்டகை முதலாளி சோலைமலைக்குப் புத்தி வேலை செய்தது. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் கொட்டகையைத் திறந்துவிட்டபோது, மேடையில் வசனம் மறந்து அழுத பிள்ளைக்கும் சபையே இடிகிற மாதிரி கைதட்டல் விழுந்ததைப் பார்த்தார். பேசும்போது தணிந்து, பேச்சு நிற்கிற இடத்தில் எழும்பி, அத்தனை பாங்காகத் தட்டியது. பிறகென்ன, கல்யாண வரவேற்பு, கட்சிக் கூட்டம், புடவைக் கடைக் குலுக்கல், மூட்டுவலித் தைலம் விற்கிறவன், எல்லாருக்கும் அந்த மேடை வாடகைக்குப் போனது. தோற்றுப்போன வேட்பாளர்கள் தேர்தல் முடிந்ததும் ஆறுதலுக்கு அங்கே வந்து பேசினார்கள். ஒரு மந்திரி தனக்கு விழுந்த கைதட்டலைக் கேட்டு மேடையிலேயே கேவிக் கேவி அழுதார். மருமகளைக் கர்ப்பத்தோடு அடித்துத் துரத்தினவன் ஒருத்தன் தன் மணிவிழாவை அங்கே வைத்தான், அவனுக்கும் தட்டியது.

இதையெல்லாம் பார்த்து வியாகுலத்துக்கு வயிறு எரிந்தது.

வியாகுலம் கொட்டகைத் தெருவில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். பிள்ளைகளை வளர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டாள். விடிந்ததும் பூசை, பொழுது சாய்ந்ததும் செபமாலை, ஒருத்தரை எடுத்தெறிந்து பேசமாட்டாள். அந்தக் கைதட்டலைக் கேட்கும்போது மட்டும் அவள் பல்லைக் கடிப்பாள், ஏனென்றால் அதற்குள் அவளுடைய கையும் இருந்தது. அந்தச் சாயங்காலம் கொட்டகையில் இருந்த யாருக்குமே அதற்குப் பிறகு கைதட்ட வரவில்லை. இரண்டு கையையும் ஓங்கித் தட்டினாலும் துணியைத் துணியில் அடித்த மாதிரி ஓசையில்லாமல் போய்விடும். ஓசை முழுவதையும் அன்றைக்கே கொட்டித் தீர்த்துவிட்டார்கள். யாருக்காகக் கொட்டினார்களோ அவளை விட்டுவிட்டுக் கண்டவனுக்கெல்லாம் அது போய்ச் சேர்ந்ததுதான் வியாகுலத்துக்குப் பொறுக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் இந்தக் கோபத்தைச் சொன்னால் சாமியார் மன்னித்துவிடு என்பார். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து மாதா சுரூபத்துக்கு முன்னால் நின்று, "தாயே, எல்லாத்தையும் எடுத்துக்கோ, இந்தக் கோவத்த மட்டும் எங்கிட்ட இருந்து எடுத்துராத" என்று வேண்டிக்கொள்வாள்.

அவள் அக்கா ரோசம்மா கொட்டகையை ஒட்டி இருந்த சோலைமலையின் மில்லில் பஞ்சுக் கிடங்கில் வேலை பார்த்தாள். அக்கா தங்கச்சி இரண்டு பேருக்கும் நாடகப் பைத்தியம். படுதாவில் எழுதின அரண்மனையும், படுதா சுருண்டு மேலே போனதும் தெரிகிற காடும், சரிகைக் காகிதக் கிரீடமும், மேடை ஓரத்தில் தலையை ஆட்டிக்கொண்டே ஆர்மோனியம் வாசிக்கிறவரும் போதும் அவர்களுக்கு, சோறு வேண்டாம். பொம்பளை வேசத்தை ஆம்பளையே கட்டின காலத்தையும் பார்த்தார்கள். ராணி அழும்போது வேர்வையில் பவுடர் கரைந்து மீசை நிழல் தெரியும், அதையும் பார்த்துக்கொண்டே கூட அழுதார்கள். பிறகு பங்கஜவல்லி வந்தாள். பொம்பளை வேசத்தைப் பொம்பளையே கட்டி வந்து நின்று, மைக் இல்லாமல் கடைசிப் பாய்வரைக்கும் கேட்கிற குரலில் ஒரு வார்த்தை பேசினாள். "இனிமே மீசைக்காரன் அழுதா எனக்குச் சிரிப்புத்தான்டி வரும்" என்றாள் ரோசம்மா.

ஒரு அடைமழையில் பஞ்சுக் கிடங்குச் சுவர் பகல் வேலைக்காரப் பெண்கள் மேல் விழுந்தது. இடிபாட்டை யாரையும் அண்டவிடாமல் கதவைச் சாத்தி, மில்லு மேஸ்திரி தங்கப்பழம் முன்னால் நிற்க, அதே இடத்தில் அதன் மேலேயே அவசரம் அவசரமாகப் புதுச்சுவர் எழும்பியது. உள்ளே யாருமே இல்லை என்றது மில்லு. அப்படியானால் வீடு திரும்பாத பெண்கள் எங்கே என்றதற்கு, ஓடிப்போய்விட்டார்கள் என்றது. செண்பகம் கொத்தனோடு, ரோசம்மா லாரிக்காரனோடு என்று ஆளுக்கொரு ஆணையும் சோடி சேர்த்துக் கொடுத்தது. ஊர் அதை நம்பியது, நம்புவது சுலபமாக இருந்ததால் நம்பியது. ரோசம்மாவின் அப்பா அதற்குப் பிறகு கோயிலில் முன் வரிசையில் உட்காரவில்லை, கடைசியில் தூண் மறைவில் உட்கார்ந்து அப்படியே செத்தும்போனார்.

சுவர் காயுமுன்னே மில்லு விழா வந்தது. ஏற்கெனவே பேசிவைத்தபடி பங்கஜவல்லியின் நாடகம். ஒரு ராஜா கோட்டை கட்டுகிறான், கட்டின கொத்தனையே சுவருக்குள் வைத்து மூடிவிடுகிறான், கொத்தன் மனைவி தலைவிரி கோலமாகச் சபைக்கு வந்து தூண் தூணாகத் தட்டி, "எந்தச் சுவர் மன்னா? எந்தச் சுவர்?" என்று கேட்கிறாள். அந்தக் கட்டம் வந்தது. பங்கஜவல்லி ராஜாவைப் பார்த்து ஒருமுறை கேட்டாள். பிறகு மெதுவாகத் திரும்பினாள், முன்னால் சோபாவில் மாலையோடு உட்கார்ந்திருந்த சோலைமலையைப் பார்த்து அதையே கேட்டாள்.

சபை மொத்தமும் எழுந்து கத்திக்கொண்டே தட்டியது. வியாகுலம் உள்ளங்கை கிழிகிற மாதிரி தட்டினாள். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் திரை விழுந்தது, மேடைக்குப் பின்வாசலில் ஒரு கார் வந்தது, பங்கஜவல்லியை வேசத்தோடு தூக்கி அதில் போட்டுக்கொண்டு போய், இனி எந்த ஊரிலும் மேடை ஏறக்கூடாது என்று சொல்லி எங்கோ இறக்கிவிட்டார்கள். அடியாட்கள் கம்போடு சபைக்குள் புகுந்து சனத்தை விரட்டினார்கள். சனம் போனது. கைதட்டல் போகவில்லை.

காலம் அப்படிப் போய்க்கொண்டிருந்ததில்தான், சோலைமலையும் செத்து மில்லும் பூட்டிக் கிடந்தபோது, அவருடைய பேரன் கிருபாகரன் அமெரிக்காவிலிருந்து வந்தான். கொட்டகைக்கு நூற்றாண்டு விழா எடுத்துவிட்டு, அதையும் பக்கத்துப் பஞ்சுக் கிடங்கையும் சேர்த்து இடித்து, ஒரே காங்கிரீட்டாகப் போட்டு, வணிக வளாகமும் சினிமாவும் கட்டப் போவதாகச் சொன்னான். "கைதட்டலை நல்ல மைக் வச்சு ரெக்கார்டு பண்ணிக்கலாம், கவலைப்படாதீங்க" என்றான். விழாக் கமிட்டிச் செயலாளர் வேறு யார், மேஸ்திரியாக இருந்து பெரிய மனிதராகிவிட்ட தங்கப்பழம்தான். விழாவுக்குப் புதுத்திரை தைக்கிற வேலை வியாகுலத்துக்கு வந்தது. கிடங்கின் மேல் காங்கிரீட் விழுந்துவிட்டால் அப்புறம் அக்காளுக்காகக் கேட்பதற்கு ஒரு சுவர்கூட மிஞ்சாது என்ற ஒரே நினைப்போடு, மெஷினை மேடையிலேயே போட்டு, அரக்குநிற வெல்வெட்டை மடியில் குவித்துக்கொண்டு அவள் தைத்தாள்.

கிருபாகரன் கெட்ட பிள்ளை இல்லை. நாடகம் என்றால் அவனுக்கும் உயிர். மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நியூயார்க்கில் பிராட்வே என்று ஒரு தெரு இருப்பதை அவளுக்குச் சொன்னான். அங்கே கொட்டகை கொட்டகையாக நாடகம், ஒரே நாடகம் வருசக்கணக்கில் ஓடும், பனியில் சனம் வரிசையில் நிற்கும், ஆட்டம் முடிந்து எல்லாரும் போன பிறகும் வெறும் மேடையில் ஒற்றை பல்பை எரியவிட்டுத்தான் பூட்டுவார்கள், மேடையை இருட்டில் தனியாக விடக்கூடாதாம் என்றான். வியாகுலம் கோபத்தை மறந்து, ஊசியை விட்டுவிட்டு வாய் திறந்து கேட்டாள்.

"ஏன் தம்பி, வேசக்காரிக்குப் பாதியில ஒண்ணு ஆயிருச்சின்னா?"

"அதுக்குன்னே இன்னொருத்தர் வசனத்தையெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு உள்ள காத்திருப்பாங்கம்மா. உடனே வேசங்கட்டி வந்துருவாங்க. எது நின்னாலும் நாடகம் நிக்கக்கூடாது."

"அப்படியும் நின்னுபோச்சின்னா?"

அவன் சிரித்தான். "நிக்காது. நின்னா சனம் எந்திரிச்சுப் போகுமா என்ன? மிச்சத்தப் போடுற வரைக்கும் உக்காந்துதான் இருக்கும்."

வியாகுலம் அண்ணாந்து பார்த்தாள். மேலே தட்டிக்கொண்டிருந்தது. மிச்சத்தைப் போடுகிற வரைக்கும்.

அந்தக் காலத்தில் ஒன்ஸ்மோர் என்று ஒரு வழக்கம். சனத்துக்கு ஒரு பாட்டோ வசனமோ பிடித்துவிட்டால் ஒன்ஸ்மோர் என்று கத்திக் கைதட்டும், திரும்பச் செய்துகாட்டுகிற வரைக்கும் கதையை ஓரடி நகரவிடாது. அம்பு பட்டு விழுந்து செத்த ராஜா, நெஞ்சில் அம்போடு எழுந்து நின்று இன்னொரு தடவை பாடிவிட்டு, மறுபடி அதே இடம் பார்த்து விழுந்து செத்ததை அவளும் ரோசம்மாவும் கண்ணாலே பார்த்திருக்கிறார்கள். அன்றைக்குச் சபை கத்தினதும் அதைத்தான். கத்தின வாயை அடியாட்கள் அடைத்துவிட்டார்கள், கை மட்டும் மிச்சம். அடப்பாவிகளா, இத்தனை காலமும் ஊரே இதைப் பாராட்டு என்று நினைத்து மாலை போட்டுக்கொண்டு நின்றிருக்கிறதே! இது பாராட்டு இல்லை. ஒருத்தியைத் திரும்பக் கூப்பிடுகிற சத்தம்.

பங்கஜவல்லி எங்கே இருக்கிறாள் என்று ஊருக்கே தெரியும், தெரியாதது போல இருக்கத்தான் ஊர் பழகியிருந்தது. பக்கத்து டவுன் பஸ் ஸ்டாண்டில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். வியாகுலம் சொன்னதை வெற்றிலை மென்றுகொண்டே கேட்டாள்.

"நானும் பஸ்ஸுல போறப்ப கேட்டிருக்கேன். காதைப் பொத்திக்குவேன்."

"அது உங்களுக்காகத் தட்டுனது, அக்கா."

"எனக்காகவா?" பங்கஜவல்லி வெற்றிலையைத் துப்பினாள். "எனக்காகத் தட்டுன கையில ஒரு கையாச்சும் அந்தக் கார்க் கதவப் புடிச்சு இழுத்துச்சா? சொல்லுடி. எத்தன பேரு இருந்தீங்க? கொட்டகை கொள்ளாத சனம். கைதட்டுனீங்க. வேற என்னத்தக் கிழிச்சீங்க?"

கோபம் வைத்துக்கொள்ள இத்தனை காலமும் மற்றவர்கள்தான் வியாகுலத்துக்கு இருந்தார்கள். இப்போது அது திரும்பி அவளையே கடித்தது.

"கிழிக்கலக்கா," என்றாள். "எங்க அக்கா அந்தச் சுவத்துக்கு அடியில கெடக்குறா. லாரிக்காரனோட போயிட்டான்னு சொன்னாக. அதக் கேட்டுக்கிட்டு சோறு தின்னுட்டுத்தான் இருந்திருக்கேன். இப்ப அதுமேல காங்கிரீட் போடப் போறாக. நீங்க வந்து இன்னொரு தடவ கேளுங்க. இந்தத் தடவ நான் கைதட்ட மாட்டேன்."

பங்கஜவல்லி டோக்கன் டப்பாவை மூடினாள். "முட்டி வலி எனக்கு. படி ஏத்தி விடுவியா?"

விழா மத்தியானம் நடந்தது. கொட்டகை நிறைந்து வாசல் வரைக்கும் சனம். மேடையில் உயரமான சாய்வு நாற்காலியில் கிருபாகரனை உட்காரவைத்து, பொன்னாடை போர்த்தி, வெள்ளிக் கிரீடம் சூட்டினார்கள். தங்கப்பழம் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பிராட்வேயிலகூட இப்படிக் கைதட்டல் கெடையாதுய்யா! அது நம்ம முதலாளி குடும்பத்துக்கு ஆண்டவன் போட்ட மாலை!" என்று முழங்கி, கைதட்டல் எழும்புவதற்காக நிறுத்தினார்.

அந்த நேரத்தில் புதுத்திரையை விலக்கி, வியாகுலத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு பங்கஜவல்லி மேடையில் காலை வைத்தாள்.

கைதட்டல் நின்றது.

ஊரில் பாதிப்பேர் பிறந்ததிலிருந்து கேட்காத அமைதி அது. மின்விசிறி கிறீச்சிடுவது கேட்டது, யாருடைய வயிறோ இரைவது கேட்டது, தட்டுகிற சத்தத்திலேயே தூங்கிப் பழகின கைக்குழந்தைகள் திடுக்கிட்டு விழித்து ஒரே நேரத்தில் வீரிட்டு அழுதன. நெஞ்சு நின்றுவிட்டதோ என்று பெரியவர்கள் மார்பைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"எந்த மூதேவி மேடைக்கு வந்தது?" தங்கப்பழம் கத்தினார். "வந்த காலோட சத்தம் செத்துப்போச்சே! எறக்குங்கடா அவள!"

"அண்ணே, கத்தாதீங்க," என்றாள் வியாகுலம். "நாடகம் ஆரம்பிக்கும்போது சபை சத்தம் போடாது. அந்த மரியாதகூட ஒங்களுக்குத் தெரியாதா?"

அடுத்த வார்த்தை யாரும் பேசுமுன்னே பங்கஜவல்லி அவள் தோளை விட்டாள். முட்டி வலியும் முதுகுக் கூனும் எங்கே போயின என்று தெரியவில்லை. மேடைத் தூணை உள்ளங்கையால் ஓங்கித் தட்டி, மைக் இல்லாமல், வாசலுக்கு வெளியே நின்றவனுக்கும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"எந்தச் சுவர், மன்னா?"

கிருபாகரன் இது நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துச் சிரித்தான். சபை சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பு நின்றது. "என்ன சுவர்? அங்கிள், எனக்கு யாருமே சொல்லலையே?" என்று தங்கப்பழத்தைப் பார்த்தான்.

"நான் சொல்றேன் தம்பி," என்றாள் வியாகுலம். "ரோசம்மா. எங்க அக்கா. எந்த லாரிக்காரனோடயும் போகல."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். "செண்பகம். எங்க சின்னம்மா." சுவரோரம் இன்னொருத்தி. "எங்கம்மா தெய்வானை. எனக்கு மொகமே ஞாபகமில்ல. ஓடுகாலி மகன்னு சொல்லித்தான் என்னை வளத்தாங்க." எழுந்துகொண்டே இருந்தார்கள். ஊரே சேர்ந்து தின்று செரித்துவிட்டதாக நினைத்திருந்த பெயர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து விழுந்தன.

கிருபாகரன் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்தான். "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. நான் அப்பப் பொறக்கவே இல்ல."

"ராஜாவுக்குத் தெரியாதாம்," என்றாள் பங்கஜவல்லி. மெதுவாகத் திரும்பினாள். "மந்திரிக்கு?"

தங்கப்பழம் கூரையைப் பார்த்தார். ஒரே ஒரு தட்டு, ஒற்றைக் கையோசை மேலிருந்து விழுந்தால் போதும், அதற்குள் ஒளிந்துகொள்வார். இத்தனை காலமும் அதற்குள்தானே ஒளிந்திருந்தார், ஒவ்வொரு கூட்டத்திலும் அதைப் பிடித்துத்தானே மேலே ஏறினார். விழவில்லை. சனம் எழுந்து போகவுமில்லை. மிச்சத்தைப் போடுகிற வரைக்கும் இருப்போம் என்கிற மாதிரி உட்கார்ந்தே இருந்தது. அவர் வேட்டியைச் சரிசெய்தார். தண்ணீர் கேட்டார். ஒருவரும் கொடுக்கவில்லை. கடைசியில், பள்ளிக்கூடத்தில் அடிவாங்கப் போகிற பிள்ளை மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கெழக்குச் சுவரு. மொதலாளி சொன்னாரு, நான் வச்சேன். ஒருத்தி அப்ப மொனகிக்கிட்டு இருந்தா."

பின்வரிசையில் ஒரு பையன், பழக்கதோசத்தில், தட்டுவதற்குக் கையைத் தூக்கினான்.

"தட்டுனே, கைய ஒடிச்சிருவேன்," என்றாள் பங்கஜவல்லி.

வியாகுலம் படியில் இறங்கினாள். தங்கப்பழத்தைத் தாண்டும்போது நின்றாள். அடித்துவிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள், அவளும் நினைத்தாள். இவனா அக்காளா, எது முதலில் என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சனத்தின் நடுவே நடந்தாள். அவள் பின்னால் சனம் எழுந்தது. வழியில் கடப்பாரை எடுத்தவர்கள் எடுத்தார்கள், மண்வெட்டி கிடைத்தவர்கள் எடுத்தார்கள், கிருபாகரன் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிடங்குக் கதவின் துருப்பிடித்த பூட்டைக் கல்லால் அடித்தான். முள்ளை மிதித்துக்கொண்டு உள்ளே போய், கிழக்குச் சுவரில் வியாகுலம் முதல் செங்கல்லைப் பெயர்த்தாள். "ரோசக்கா, இந்தா வந்துட்டேன்," என்று சொல்லிக்கொண்டு அடுத்த கல்லுக்கு அவள் கையை நீட்டுமுன்னே, அந்தக் கல்லின் மேல் வேறொரு கை இருந்தது, அதற்கடுத்த கல்லின் மேல் இன்னொரு கை.